பூவிழி எழுதிய இரண்டு வரி

கூட்டம் என்றாலே வசந்தமலர் ஒதுங்கிவிடுவாள். கோயில் திருவிழாவோ பிறந்தநாள் விழாவோ, அவளைத் தேடுகிறவர்கள் நேரே குசினிக்குத்தான் போவார்கள். அங்கே தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நிற்பாள். ஓக்லாந்தின் கிளென் ஈடனுக்குக் கலியாணம் கட்டி வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. எட்டாம் வகுப்பில் படிக்கும்போது ஊரில் போர் வந்து, அவளுடைய பள்ளிக்கூடம் அகதி முகாமாக மாறியது. முகாம் கலைந்தபோது, இனிப் போய் யாரோடு உட்காருவது என்று அவளே படிப்பை நிறுத்திவிட்டாள். படித்த பெண்கள் சுற்றி நின்று கலகலவென்று கதைக்கும் இடத்தில் தன் வாயிலிருந்து எது பிழையாக விழுமோ என்ற பயம் அன்று தொடங்கி இன்றுவரை விட்டபாடில்லை.

வாய்க்குத்தான் பூட்டு, கண் ஓயாது. ஹென்டர்சனில் சலாட் இலைகளைப் பைகளில் அடைக்கும் ஆலை ஒன்றில் அவளுக்கு வேலை. தலைக்கு வலை, கைக்கு உறை. ஓடும் பட்டியில் பச்சை இலைகள் ஆறுபோல வந்துகொண்டேயிருக்கும். அதில் பழுத்ததை, பூச்சி அரித்ததை, ஒட்டிக்கொண்டு வரும் நத்தையைக் கண்டு எடுத்துப் போட வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது என்று மேற்பார்வை செய்கிற பெண்ணே சொல்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது. பூவிழி.

அந்தப் பெயரை வைத்தவன் சஞ்சீவன். இரண்டு தெரு தள்ளியிருக்கும் சுகந்தினியின் ஒரே தம்பி. தகப்பன் செத்த பிறகு அவனை வளர்த்துப் படிப்பித்தவள் சுகந்தினிதான். ஓக்லாந்தில் படித்த காலத்தில் அக்கா வீட்டில் இருந்தான். பசித்தால் மலரக்கா வீட்டுக்குத் தோசை தின்ன வந்துவிடுவான். ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே டிவியில் யாரோ ஒரு பெரிய மனிதரின் பேச்சைப் பற்றி அவள் மெல்ல ஒரு வார்த்தை சொன்னாள். அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"மலரக்கா, உங்கட வாய்க்குள்ள இவ்வளவு இருக்கோ? இதை நாலு பேர் கேக்க வேண்டாமோ?"

"சும்மா இரும். எனக்கு நாலு பேருக்கு முன்னால கதைக்கத் தெரியாது."

"கதைக்க வேண்டாம். எழுதுங்கோ. ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

அவளுடைய போனில் தமிழ் எழுத்தைப் போட்டுக் கொடுத்தான். பேஸ்புக்கில் கணக்குத் திறந்து, வாசலில் பூத்திருந்த நீல ஹைட்ரேஞ்சியாவைப் படம் பிடித்து முகத்துக்குப் பதிலாக வைத்தான். "பேரிலேயே மலர் இருக்கு, பார்வையும் கூர். அப்ப பூவிழி," என்றான். அது அவர்கள் இரண்டு பேருக்குள் மட்டும் இருந்த பகிடி. வீட்டில் மகளுக்குக்கூடப் பிறகுதான் தெரிந்தது.

பிறகு சஞ்சீவன் வேலை கிடைத்து அமெரிக்கா போய்விட்டான். ஆனால் பூவிழி எங்கே எதை எழுதினாலும் கொஞ்ச நேரத்தில் அதன் கீழே அவனுடைய சிரிப்பு முகம் ஒன்று வந்து விழும். வசந்தமலர் எழுதுவதே பாதி அதற்காகத்தான்.

அந்த வருடம் ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஓக்லாந்தில் குளிரும் தூறலும். தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருக்கிற நாள். வசந்தமலரின் புருஷன் தவராசா கோயிலில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து படையலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுச் சாப்பிட்டான். அன்று வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் ஆலையில் தேநீர் இடைவேளை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைத் திறந்தாள். லண்டனில் இருந்து யாரோ நடத்தும் தமிழ்ச் செய்திப் பக்கத்தில் ஒரு வீடியோ. அமெரிக்கப் பாலைவனத்தில் செங்குத்தான சிவப்புக் கற்பாறைகளுக்கு நடுவே திடீர் வெள்ளம். ஏழு பேர் பலி. பாறை உச்சியில் நின்ற யாரோ ஒரு சுற்றுலாக்காரர் எடுத்தது. கீழே காய்ந்த மணல். அதில் கட்டை விரலளவு ஒரு மனிதன், போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிப்பது அவ்வளவு தூரத்திலும் தெரிகிறது. அவனுக்குப் பின்னால் பாறை வளைவைத் திரும்பி, மரங்களையும் புரட்டிக்கொண்டு மண்நிறத்தில் ஒரு சுவர் வருகிறது. அவன் திரும்பிப் பார்க்கிற இடத்தில் வீடியோ நின்றுவிடும்.

கீழே நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். வானிலை பார்க்காமல் ஏன் போனது என்று ஒருவர். இந்தக் காலத்து ஆட்களுக்குப் புத்தி இல்லை என்று ஒருவர். கடவுள் தண்டனை என்றும் ஒருவர். வசந்தமலர் வாசித்துக்கொண்டு போனாள். ஒன்றும் உறைப்பாக இல்லை. விரல் தானாக ஓடியது.

"பின்னுக்குத் தண்ணி, முன்னுக்கு செல்பி. எமன் வந்து நிண்டாலும், ஐயா கொஞ்சம் தள்ளி நில்லும், வெளிச்சம் காணாது எண்டு சொல்லுவினம் போல."

மணி அடித்தது. கையுறையை மாட்டிக்கொண்டு பட்டிக்குப் போனாள். மத்தியானம் பார்த்தால் சிரிப்பு முகங்கள் குவிந்து கிடந்தன. கனடாவில் இருந்து, நோர்வேயில் இருந்து, முன்பின் தெரியாதவர்கள் "அக்கா கலக்கிட்டீங்க" என்று எழுதியிருந்தார்கள். இன்னொரு பேஸ்புக் பக்கம் அவளுடைய வரிகளை அந்த மனிதனின் படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் போட்டு, கீழே "நன்றி: பூவிழி" என்று வைத்திருந்தது. அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வாழ்க்கையில் இத்தனை பேர் அவள் சொன்னதைக் கேட்டதில்லை.

பெயர்களின் நடுவே ஒரு பெயரைத் தேடினாள். சஞ்சீவன் இன்னும் பார்க்கவில்லை. அங்கே இரவாக்கும், எழும்பினதும் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் கீரை அரிந்துகொண்டிருந்தாள். தவராசா போனைக் காதில் வைத்தபடி குசினி வாசலில் வந்து நின்றான். அவன் முகத்தைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மலர், சுகந்தினியின்ர தம்பி செத்துப்போனானாம். உந்த அமெரிக்க வெள்ளத்தில. அந்த வீடியோவில நிண்டது அவன்தானாம்."

அந்தத் தலைச் சாய்ப்பு. இதே குசினியில், இதே மேசைக்குப் பக்கத்தில் எத்தனையோ தரம் பார்த்த சிரிப்பு. ஓடுகிற பட்டியில் கடுகளவு நத்தையைக் கண்டு எடுக்கிற கண் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்கு முதலில் வந்த நினைவு அதுதான். சஞ்சீவனுக்கான அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையில் வந்ததற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதியதை அழித்தாள். அது அழிந்தது. படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் போட்டது இருந்தது. அதை அழிக்க அவள் கையில் ஒன்றும் இல்லை.

கலியாணம் கட்டிப்போன அக்காவுக்கு நீண்ட நாள் துடக்குத் தீட்டு இல்லை என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். சுகந்தினி கேட்கவில்லை. "அவனுக்கு வேற வீடு எங்க கிடக்கு?" என்று தன் வீட்டையே சாவீடாக்கிக்கொண்டாள். அடுப்பு மூட்டவில்லை. வழக்கம்போல ஆளுக்கொரு நாள் சோறு கறி கொண்டுபோவதென்று பெண்கள் பங்கு போட்டார்கள். வசந்தமலர் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு எல்லா நாளும் போனாள். நீலமூடி போட்ட பெட்டிகளில் சோறும் பருப்பும் வாழைக்காயும். வைத்துவிட்டு நேரே குசினிக்குள். அங்கே கழுவுவதற்கு எப்போதும் கோப்பை இருந்தது.

கூடத்தில் வந்தவர்கள் கதைப்பது சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். முதலில் தாழ்ந்த குரலில் துக்கம். தேநீர் உள்ளே போனதும் குரல் கொஞ்சம் ஏறும்.

"அமெரிக்காக்காரன் வோர்னிங் குடுத்திருப்பான்தானே?"

"குடுத்தாலும் எங்கட ஆக்கள் கேப்பினமோ? போன வருஷம் இஞ்ச வெள்ளம் வந்தநேரம் தவராசா அண்ணை என்ன செய்தவர்? ரைஸ்குக்கரைத் தலையில வைச்சுக்கொண்டு இடுப்பளவு தண்ணியில நிண்டவர்!"

அடக்கிய சிரிப்பு. தவராசாவும் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

"மலர்தான் அதை எடுங்கோ எண்டு கத்தினவள். கார் போனது, குக்கர் தப்பினது."

அவன் குக்கரோடு நின்ற படம் அப்போது ஓக்லாந்துத் தமிழர் போன்களிலெல்லாம் சுற்றியது. "சோறே முக்கியம்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். தவராசா சிரித்துக் கடந்தான். கிளென் ஈடன் வீட்டுக்குள் ஏறிய அந்தச் சேற்றுத் தண்ணீரைவிட அந்த இரண்டு வார்த்தைச் சிரிப்புத்தான் வசந்தமலருக்குப் பல நாள் ஆறாமல் கிடந்தது. எழுதினவன் மட்டும் என் கையில் கிடைத்தால் என்று சஞ்சீவனிடம் போனில் சொல்லி அழுதாள். ஒன்றரை வருடம்தான். பட்டதையும் மறந்து, அதே வேலையை அதைவிட உறைப்பாகச் செய்திருக்கிறாள்.

கோப்பை வைக்க வந்த ஒரு பெரியவர் குசினி வாசலில் நின்று பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னார்: "பாவம்தான். ஆனா உந்த செல்பி விசர்... எமன் வந்தாலும் தள்ளி நில்லும், வெளிச்சம் காணாது எண்டு சொல்லுவினம்." சொல்லிவிட்டு, சாவீடு என்ற நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். வசந்தமலரிடம், "தங்கச்சி, சீனி கொஞ்சம் குறைவு," என்றார்.

அவள் தன் வாயால் ஒருநாளும் அவருக்கு முன்னால் ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது தன் சொல் அவர் வாயில் இருந்தது. அவள் சீனிப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று பின்னேரம் சுகந்தினி அவளை அறைக்குள் கூப்பிட்டாள். எல்லீர்ஸ்லியில் பெரிய அலுவலகமொன்றில் கணக்குப் பார்க்கிற சுகந்தினி. வசந்தமலர் பிள்ளைப்பேற்றுக்குப் போனபோது பக்கத்தில் நின்று டாக்டரோடு இங்கிலீஷ் கதைத்தவள். ஒருநாளும் அவளைப் படிக்காதவள் என்று நடத்தாதவள். கட்டிலில் கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடந்தாள். கையில் போன்.

"மலரக்கா, கதவைச் சாத்துங்கோ. இதை ஒருக்கா வாசியுங்கோ."

அந்தப் படம். அந்த எழுத்து.

"உதை ஏன் பாக்கிறீர் சுகந்தி? போனைத் தாரும்."

"இல்லை. இவள் ஆரோ பூவிழியாம். எங்களை அறியாதவள். அதாலதான் நேரா சொல்லியிருக்கிறாள். இஞ்ச வாற ஆக்கள் எல்லாம் எனக்காகப் பொய் சொல்லுகினம்." சுகந்தினி எழுந்து உட்கார்ந்தாள். "அது செல்பி இல்லை மலரக்கா. அவன் என்னோட கதைச்சுக்கொண்டு நிண்டவன். நான்தான் வீடியோக் கோல் எடுத்தனான்."

வசந்தமலர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயிறு காலமை. அமாவாசை. விரதம் பிடிச்சானோ, மச்சம் மாமிசம் திண்டானோ எண்டு கேக்க எடுத்தனான். எனக்கு இஞ்ச ஞாயிறு எண்டா அங்கயும் ஞாயிறு எண்ட நினைப்பு. பாறைக்கு உள்ளுக்கு சிக்னல் இல்லையாம். வெளியில மணலுக்கு வந்ததும் போன் அடிச்சிருக்கு. கூட வந்த பெடியள் காருக்கு ஏறிட்டாங்கள். இவன் எனக்காக நிண்டவன். 'அக்கா, இஞ்ச இன்னும் சனிக்கிழமை, அமாவாசை நாளைக்குத்தான். நீங்கள் நாளைக்கு நிக்கிறியள், நான் நேற்று நிக்கிறன்' எண்டு சொல்லிச் சிரிச்சான். அந்தச் சிரிப்புத்தான் வீடியோவில கிடக்கிறது."

"சுகந்தி..."

"வானம் நீலமா இருந்தது. ஒரு மேகம் இல்லை. மழை எங்கயோ தூர மலையில பெய்ததாம். நான் சொன்னன், அந்தச் சிவப்புக் கல்லைக் காட்டடா, வடிவாக் காட்டடா எண்டு. அவன் போனைத் தூக்கிக் காட்டினான். ஒரு இரைச்சல் கேட்டது. என்னடா, லொறி வருதோ எண்டு கேட்டன். அப்பதான் திரும்பினவன். பேந்து கட்டாயிட்டுது. சிக்னல் போயிட்டுது எண்டு நினைச்சு நான் கத்தரிக்காய் வெட்டப் போயிட்டன்."

அவள் அழவில்லை. படத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவனை நிப்பாட்டி வைச்சது நான். இந்தப் பூவிழி சொன்னது சரிதான். வெளிச்சம் காணாது எண்டு எமனைத் தள்ளி நிக்கச் சொன்னது நான்தான்."

வசந்தமலர் போனை அவள் கையிலிருந்து எடுக்கப் போனாள். யாரோ கதவைத் தட்டி, கனடாவில் இருந்து போன் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தவராசாவுக்கும் மகள் பிரசாந்திக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிரசாந்திக்கு அம்மாவின் இன்னொரு பெயர் தெரியும். அதைப் பெருமையாகக்கூட நினைத்திருந்தாள். இப்போது முகம் வெளுத்துப்போனாள்.

"ஓ மை கோட், அம்மா. ஜஸ்ட் டிலீட் தி அக்கவுண்ட். நோபடி வில் நோ."

காலில் போட்ட சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தவராசா சொன்னான்.

"சொல்லாதை மலர். சொன்னா உனக்குப் பாரம் இறங்கும், அவவுக்கு ஏறும். உள்ள துக்கம் போதாதோ?"

"அவ அதைச் சரியெண்டு நம்புறா."

"நாலு நாளில மறந்திடுவா."

"நீங்கள் குக்கரை மறந்தனீங்களோ?"

அவன் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தான். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, கூடத்தில் அவன் சிரித்ததெல்லாம் சும்மா என்று.

நேரே சொல்லத் துணிவில்லாமல் அவள் ஒரு குறுக்குப் பாதை பிடித்துப் பார்த்தாள். பூவிழியின் பெயரிலேயே எழுதினாள்: நான் எழுதியது பிழை, அவர் செல்பி எடுக்கவில்லை, மன்னிக்கவும். அதற்குச் சிரிப்பு முகம் விழவில்லை. "அக்காவுக்கு வேற வேலை இல்லைப் போல" என்று ஒருவர் எழுதினார். அவ்வளவுதான். முந்தியதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய் ஓடினவர்களில் ஒருவரும் இதைத் தொடவில்லை.

சுகந்தினி மட்டும் பார்த்திருந்தாள். மறுநாள் சோற்றுப் பெட்டியை வாங்கும்போது சொன்னாள்: "மலரக்கா, அந்தப் பூவிழி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு ஆரோ சொல்லியிருக்கினம் பாவம் எண்டு. இரக்கத்தில சொல்லுறாள். முதல் சொன்னதுதான் உண்மை."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவளும் புருஷன் ஜனார்த்தனும் அமெரிக்காவுக்குப் போகவேண்டும். உடலைக் கொடுக்க அங்கே சம்மதித்துவிட்டார்கள். கொள்ளி வைக்க ஒருவர் வேண்டும், முகம் பார்க்க ஒருவர் வேண்டும். வியாழக்கிழமை வசந்தமலர் குசினியில் நிற்க, அறைக்குள்ளிருந்து ஜனார்த்தனின் குரல் கேட்டது.

"டிக்கெட் எடுத்தாச்சு சுகந்தி. என்ன கதை கதைக்கிறீர்?"

"நீங்கள் போங்கோ. நான் வரேல்ல. என்ன முகத்தோட அவன்ர முகத்தைப் பாக்கிறது?"

"உம்மை விட்டா அவனுக்கு ஆர் இருக்கினம்?"

"ஆரும் இல்லாமப் போகட்டும். நிப்பாட்டிச் சாகவைச்சவள் வந்து நிக்கிறதைவிட அது நல்லது. உலகமே சொல்லுது."

ஜனார்த்தன் வெளியே வந்தான். குசினி வாசலைக் கடக்கும்போது கண்ணைத் துடைத்தான். "அக்கா, நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ. நீங்கள் சொன்னா கேப்பா," என்றான்.

'நீங்கள் சொன்னா கேப்பா.' வசந்தமலர் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். கோப்பைகள் இன்னும் இருந்தன. அவற்றைக் கழுவி முடித்துவிட்டுப் போகலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி முடித்திருந்தால் போயிருக்கவே மாட்டாள். தண்ணீர்க் குழாயைக்கூடச் சரியாகப் பூட்டாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சுகந்தி, உலகம் ஒண்டும் சொல்லேல்ல. நான்தான் சொன்னனான்."

சுகந்தினி விளங்காமல் பார்த்தாள்.

"பூவிழி நான்."

தன் போனை எடுத்து நீல ஹைட்ரேஞ்சியாவைக் காட்டினாள்.

"ஆலையில தேத்தண்ணி குடிக்கேக்க எழுதினனான். எனக்கு அந்த இடம் எங்க எண்டே தெரியாது. வெள்ளம் எப்பிடி வருமெண்டு தெரியாது. அது அவன் எண்டு தெரியாது. ஒண்டும் தெரியாம, நாலு பேர் சிரிப்பினம் எண்டு எழுதினது. நீர் இவ்வளவு நாளும் தூக்கிக்கொண்டு திரியிறது ஒண்டும் தெரியாதவள் ஒருத்தியின்ர பேச்சு. அதில உண்மை கிண்மை ஒண்டும் இல்லை சுகந்தி. சிரிப்புக்காக எழுதினது. அதை நம்பி அவனைத் தனிய விட்டிடாதையும்."

இருபது வருடத்தில் அவள் ஒரு மூச்சில் இவ்வளவு கதைத்ததைச் சுகந்தினி கேட்டதில்லை. அவள் சுவரைப் பார்த்தபடி, "அவனுக்குத் தெரியுமோ பூவிழி நீங்கள்தான் எண்டு?" என்றாள்.

"அந்தப் பேரை வைச்சதே அவன்தான். நான் எதை எழுதினாலும் வந்து சிரிச்சிட்டுப் போவான்." வசந்தமலருக்கு இப்போதுதான் அழுகை வந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் சொன்னது பாதி. "இதை எழுதினாப் பிறகும், அவன்ர சிரிப்பு இன்னும் வரேல்லையே எண்டு தேடிக்கொண்டிருந்தனான்."

சுகந்தினியின் முகம் உடைந்தது. அத்தனை நாளும் வராத அழுகை. வசந்தமலர் தொடப் போனாள். அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"அவன் உயிரோட இருந்து, அது வேற ஆரோவா இருந்திருந்தா, அவன்தான் முதல் ஆளா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான். எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆத்திரம்." மூக்கை உறிஞ்சினாள். "போங்கோ மலரக்கா. இப்ப என்ர முகத்துக்கு முன்னால நிக்காதேங்கோ."

வசந்தமலர் வெளியே வந்தாள். சாவீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக்கூடாது. அந்த வழக்கம் அன்றைக்கு அவளுக்கு உதவியது. குழாயில் தண்ணீர் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பூட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே தெருவுக்கு இறங்கிவிட்டாள்.

விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதாகத் தவராசா முன்னமே ஒப்புக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை பகல் வான் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். எத்தனை பேரை ஏற்றினான் என்று அறிய அவள் ஜன்னலோரம் நின்றாள். ஆனால் வான் அந்தப் பக்கத் தெருவால் போய்விட்டது. அவன் திரும்பி வரும்வரை அடுப்பு மூட்டவில்லை, விளக்கு வைக்கவில்லை, போனையும் தொடவில்லை.

"போயிட்டாவோ?"

"ஓம். போயிட்டா." தவராசா கதிரையில் விழுந்தான். "வழி முழுக்க ஒண்டும் கதைக்கேல்ல. உள்ளுக்குப் போற இடத்தில மட்டும் திரும்பி ஒரு கேள்வி கேட்டா. அமெரிக்காவில இப்ப என்ன கிழமை எண்டு. ஜனார்த்தன் வியாழன் எண்டார். அப்ப நாங்கள் போய்ச் சேர்ந்தாலும் வெள்ளிதான் எண்டு சொல்லிட்டு நடந்திட்டா."

"என்னைக் கேட்டவவோ?"

"இல்லை." பிறகு நினைவு வந்தவனாக எழுந்து போனான். "உன்ர பெட்டியள் வானுக்குள்ள கிடக்கு. தந்துவிட்டவ."

நீலமூடிப் பெட்டிகள். நன்றாகக் கழுவித் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியிருந்தது. நல்ல நாளில் சுகந்தினி வீட்டிலிருந்து பெட்டி ஒருநாளும் வெறுமையாய் வந்ததில்லை. ஒரு பிடி சீனியாவது, அவள் தோட்டத்து ஃபிஜோவாப் பழம் நாலாவது இருக்கும். வசந்தமலர் மேசையில் வைத்து ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

"செத்த வீட்டில இருந்து என்னத்தைப் போட்டு அனுப்புறது? முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடியவேணும்," என்றான் தவராசா.

அது உண்மைதான். அந்த வீட்டுப் பெட்டி இப்போது யாருக்குப் போனாலும் வெறுமையாகத்தான் போகும். கோபத்துக்கு அனுப்பினாலும் அப்படித்தான் வரும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அந்த முப்பத்தொரு நாளும் முடிந்த பிறகு வசந்தமலர் ஒரு பெட்டியில் எதையாவது போட்டுக் கொடுத்து, அது எப்படித் திரும்பி வருகிறதென்று பார்த்தால்தான் தெரியும்.

மூடிகளைத் திரும்பப் பூட்டி, அலமாரியில் கைக்கு எட்டுகிற தட்டிலேயே அடுக்கினாள்.